சந்தேகத்துக்குச் சொட்டு மருந்து

காப்பகத்தின் வெளிச்சுவரில் ஒரு நாய்க்குட்டியை ஆள் உயரத்துக்கு வரைந்து, "ஓர் உயிர் உங்கள் அன்புக்காக ஏங்குகிறது, உள்ளே வாருங்கள்" என்று கீழே எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு மெக்கானிக்கும் அவர் மனைவியும் உள்ளே போனார்கள். சுவரில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆட்கள் அவர்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். யார் யாரோ மேலே போகவும் கீழே வரவும் இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவுவது அவர் வேலை. மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் வேன்காரம்மா. காலையும் மாலையும் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டியதையெல்லாம் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

"நமக்கு நடுவுல இன்னொரு ஆள் வேணுங்க. பேசாத ஆளா இருந்தாக்கூடப் பரவாயில்லை" என்று ஒரு நாள் வேன்காரம்மா சொன்னார். அப்படித்தான் கிளம்பினார்கள்.

வரவேற்பறை பெரிய மருத்துவமனையைப் போல் பளபளத்தது. நான்கு சுவர்களிலும் காப்பகத் தலைவியின் படங்கள். ஒன்றில் பூனையோடு, ஒன்றில் முயலோடு, ஒன்றில் கண் தெரியாத கழுதையோடு. விலங்கு மாறியதே தவிரச் சிரிப்பு மாறவில்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைப் பார்க்கணும்?"

"நாய்க்குட்டியை" என்றார் மெக்கானிக்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

"நாய்க்குட்டிகிட்டயா?" என்று வேன்காரம்மா கேட்டார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. இங்கே சிரிப்பதற்குத் தலைவிக்கு மட்டும்தான் அதிகாரம் போலிருந்தது. "மேடம், இங்க நீங்க குட்டியைத் தேர்ந்தெடுக்க முடியாது. குட்டிதான் உங்களைத் தேர்ந்தெடுக்கும். அதுக்குத் தேர்வுக் குழு இருக்கு."

"குழுவுல குட்டி இருக்கா?"

"குட்டி சார்பா செயலர் இருக்கார்."

பார்ப்பதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடந்துகொண்டே பார்க்கலாம், நிற்கக் கூடாது. கடைசியில் "சிறப்புக் கவனப் பிரிவு" என்று ஒரு பலகை. அதற்குக் கீழே ஒரே ஒரு கூண்டு. அதற்குள் கறுப்பாக, ஒரு கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு குட்டி. தலையை இடது பக்கம் நன்றாகச் சாய்த்து, கூட வந்த வரவேற்புப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தது. அவள் சொல்லுகிற எதையும் நம்பத் தயாராக இல்லை என்பது போன்ற பார்வை.

"என்னமோ சந்தேகமாவே பார்க்குதே" என்றார் மெக்கானிக்.

கூண்டின் மேல் காப்பகம் வைத்த பெயர் இருந்தது: அமைதிச்செல்வம். ஆனால் அன்றைக்கே அந்தக் கணவன் மனைவிக்கு அதன் பெயர் சந்தேகம் என்று ஆகிவிட்டது.

பக்கத்தில் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்த பெண்மணி, திரும்பாமலே மெல்லச் சொன்னார். எல்லோரும் அவரைக் கழுவுற அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "அது பார்க்கலை. காதுல புண்ணு. வலிக்குது, அதான் சாயுது."

"மருந்து போடலையா?"

அக்கா பலகையைக் காட்டினார். "சிறப்புக் கவனம்னா யாரும் தொடக் கூடாதுன்னு அர்த்தம்."

வேன்காரம்மா அங்கேயே நின்றுவிட்டார். நிற்கக் கூடாத இடத்தில் நின்றதால் செயலர் வரவழைக்கப்பட்டார். அவருக்குத் தேனில் ஊறிய குரல். யாரிடம் பேசினாலும் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலக் கைகளைக் கோத்துக்கொண்டு பேசுவார்.

"மருந்து போடறதுன்னா என்னம்மா? குட்டியை மடியில வைக்கணும். காதைப் பிடிக்கணும். தடவிக் கொடுக்கணும். தினமும் இப்படியே செஞ்சா அதுக்கு எங்க மேல பாசம் வந்துடும். அப்புறம் அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்பினா அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்? அந்தக் கொடுமையை இந்தக் காப்பகம் செய்யாது. தத்தெடுக்கறவங்கதான் மருந்து போடணும்."

"சரிங்க. நாங்க தத்தெடுத்துக்கறோம். இப்பவே போடறோம்."

"உடம்பு சரியில்லாத குட்டியைத் தத்துக் கொடுக்க எங்க விதியில இடமில்லை. முதல்ல குணமாகணும்."

மெக்கானிக் இந்த மாதிரிக் கோளாறை வேலையில் பார்த்திருக்கிறார். கதவு மூடினால்தான் லிஃப்ட் நகரும், லிஃப்ட் நகர்ந்தால்தான் கதவு மூடும் என்று சில நாள் பெட்டி அடம்பிடிக்கும். எங்கோ ஒரு திருகாணியைத் தளர்த்தினால் சரியாகிவிடும். இந்த மனிதரில் திருகாணி எங்கே இருக்கிறது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

செயலரே வழி சொன்னார். சிறப்பு அனுமதி என்று ஒன்று உண்டாம். மன ஆலோசகரைப் பார்க்க வேண்டும். பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். வீட்டை வந்து சோதிப்பார்கள். பிறகு குழு கூடும்.

"அதுக்குள்ள காது என்ன ஆகும்?"

"நல்லதே நினைப்போம்" என்று செயலர் கண்ணை மூடித் திறந்தார்.

மன ஆலோசகரின் அறையில் உட்காரப் பஞ்சு மெத்தைகள்தான் இருந்தன. மெக்கானிக் அதில் உட்கார்ந்ததும் முழங்கால் காதுவரை வந்தது. ஆலோசகர் இளம்பெண். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை விட நீளமாக எழுதினாள்.

"சின்ன வயசுல யாராவது உங்களைக் கைவிட்டிருக்காங்களா?"

மெக்கானிக் நிதானமாக யோசித்தார். "சின்ன வயசுல இல்லைங்க. போன வருஷம் ஒரு லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். வெளிய இருந்தவங்க சாப்பிடப் போயிட்டாங்க."

"அழுதீங்களா?"

"இல்லைங்க. ரிப்பேர் பண்ணினேன்."

உணர்ச்சிகளை அடக்கிக்கொள்பவர் என்று எழுதிக்கொண்டாள். பிறகு வேன்காரம்மாவிடம் திரும்பினாள். "குட்டி உங்க செருப்பைக் கடிச்சுக் குதறிடுது. என்ன செய்வீங்க?"

"வேற செருப்பு வாங்குவேன்."

"இல்லைங்க. அந்தச் செருப்புல நீங்க என்ன கோபத்தை விட்டு வச்சீங்கன்னு யோசிக்கணும். குட்டி கடிக்கறது செருப்பை இல்லை."

"வேற எதை?"

"உங்களை."

வேன்காரம்மா கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தார். வேனின் பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்க்கிற பார்வை அது. "அந்தக் குட்டிக்குக் காது வலிக்குதும்மா. உனக்குத் தெரியுமா?"

"காது உடம்பு சம்பந்தப்பட்டது. நான் மனசுப் பிரிவு" என்றாள் ஆலோசகர், மிகுந்த பரிவோடு.

அடுத்தது பயிற்சி வகுப்பு. "நாயின் உயரத்தில் உலகம்" என்று அதற்குப் பெயர். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, தத்தெடுக்க வந்தவர்கள் எல்லோரையும் கையும் காலும் ஊன்றித் தவழச் சொன்னார்கள். ஒரு வங்கி மேலாளர் இருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர்த்தபடி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தன் பேத்திக்காக மூன்றாவது தடவையாக இந்த வகுப்புக்கு வருவதாகச் சொன்னார்.

"பேத்திக்கு என்ன வயசு?" என்று தவழ்ந்தபடியே மெக்கானிக் கேட்டார்.

"நான் முதல்ல வந்தப்ப சின்னப் பொண்ணு. இப்ப வேலைக்குப் போறா."

பயிற்சியாளர் நிமிர்ந்து நின்று கம்பீரமாகப் பேசினார். "நீங்க இப்ப மனுஷங்க இல்லை. மேசையோட கால் உங்களுக்கு மரம். என் பூட்ஸ் உங்களுக்கு மலை. பயத்தை விடுங்க. நாய்க்கிட்ட பயப்படறவன் நாயை நேசிக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து, கழுவுற அக்கா கூண்டைச் சுத்தம் செய்வதற்காகச் சந்தேகத்தை வெளியே விட்டிருந்தார். அது சாய்ந்த தலையோடு கொஞ்சம் கோணலாக நடந்து கூடத்துக்குள் வந்தது. பயிற்சியாளர் பேசிக்கொண்டே நாற்காலியில் ஏறினார். குட்டி இன்னும் இரண்டடி வைத்ததும் நாற்காலியிலிருந்து மேசைக்கு ஏறினார். மேலிருந்தபடி, குரல் சற்றும் மாறாமல், "பயம்னா எப்படி இருக்கும்னு இப்ப உங்களுக்கு நடிச்சுக் காட்டினேன்" என்றார். வங்கி மேலாளர் அதைக் குறித்துக்கொள்ள முயன்றார். கை தரையில் இருந்ததால் முடியவில்லை.

குட்டி எல்லோரையும் தாண்டி மெக்கானிக்கிடம் வந்தது. முகர்ந்தது. கிரீஸ் வாடை பிடித்திருக்க வேண்டும். தரையில் ஊன்றியிருந்த அவர் கையின் மேல், வலிக்கிற காதை மெதுவாக வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. காதிலிருந்து சீழ் வாடை வந்தது. கை மரத்துப்போனது. முழங்கால் கெஞ்சியது. மற்றவர்கள் மேசையைச் சுற்றி மூன்று முறை தவழ்ந்து வந்தார்கள். மெக்கானிக் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த வகுப்பில் தேறாத ஒரே ஆள் அவர்தான். "ஈடுபாடு இல்லை. நகரவே இல்லை" என்று மேசை மேல் நின்றபடி பயிற்சியாளர் தீர்ப்புச் சொன்னார். வேன்காரம்மா நன்றாகத் தவழ்ந்ததால், குடும்பத்துக்குச் சராசரி மதிப்பெண் கொடுத்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

வீட்டைச் சோதிக்க மூன்று பேர் காரில் வந்தார்கள். இல்லத் தகுதி அலுவலர் முன்னால் வந்தார், இரண்டு உதவியாளர்கள் அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று நின்று பின்னால் ஏறினார்கள்.

"இரண்டாவது மாடியா? லிஃப்ட் இல்லையா?"

"இல்லைங்க."

"நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே?"

"ஆமாங்க."

அலுவலர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் எழுதிக்கொண்டார். தன் சொந்தக் குடும்பத்துக்கே ஒரு லிஃப்ட் போட்டுக் கொடுக்காத மனிதர்.

பிறகு சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக் குட்டிக்குக் கூரை எப்படித் தெரியும் என்று பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். குக்கர் விசிலை ஊதச் செய்து எல்லோரும் மௌனமாகக் கேட்டார்கள். கொடுத்த தேநீரையும் பிஸ்கெட்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். கீழ்வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நல்ல மனுஷங்க. இருக்கற இடமே தெரியாது. சத்தமே வராது" என்றார் அந்த அம்மாள்.

"ஏன் வராது? எதை மறைக்கறாங்க?" என்று அலுவலர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்த அம்மாள் முதன்முறையாக மாடியை நிமிர்ந்து சந்தேகத்தோடு பார்த்தார்.

மெக்கானிக்கின் வேலைச் சட்டையைத் தொட்டுப் பார்த்த அலுவலர் தும்மத் தொடங்கினார். பயிற்சி வகுப்பன்று ஒட்டிய ரோமம் இரண்டு மூன்று அதில் இருந்தது. "எனக்கு நாய் முடி ஒத்துக்காது. அதனாலதான் என்னை வீடு பார்க்கற வேலையில போட்டிருக்காங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். போகும்போது படியில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார். "வாசல்ல நிக்கற வேனோட ஹாரன்தான் யோசனையா இருக்கு. காது நோய் உள்ள குட்டிக்கு அது ஆகாது."

"அந்தக் காதைப் பத்தி உங்களுக்கு இப்பத்தான் கவலை வந்துச்சா?" என்று கேட்டார் வேன்காரம்மா.

"கவலை எங்களுக்கு எப்பவும் உண்டும்மா. நடவடிக்கைக்குத்தான் குழு கூடணும்."

குழு கூடவில்லை. தலைவி வெளியூரில் கருணையைப் பற்றிப் பேசப் போயிருந்தார். வந்ததும் செயலருக்குக் காய்ச்சல். பிறகு குழு அறையில் வர்ணம் அடித்தார்கள். வேன்காரம்மா மதிய இடைவெளியில் நேராக வேனைக் காப்பகத்துக்கு விடுவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடந்தபடியே பார்ப்பார். குட்டி இப்போது தலையை மட்டும் சாய்க்கவில்லை, பின்னங்காலால் காதைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் முடி கொட்டியிருந்தது.

ஒரு நாள் மருந்துக் கடையில் சொட்டு மருந்தைத் தானே வாங்கி வந்து, கழுவுற அக்காவின் கையில் வைத்தார். அக்கா வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போன மாசம் மனசு கேட்காம ஈரத்துணியால துடைச்சு விட்டேன்மா. கேமராவுல பார்த்துட்டாங்க. அங்கீகாரம் இல்லாத பாசம்னு மெமோ கொடுத்துட்டாங்க. இன்னொரு தடவை பாசம் காட்டினா வேலை போயிடும்."

வாரம் ஒரு முறை வரும் நாய் டாக்டரை வேன்காரம்மா வாசலில், ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பிடித்தார். டாக்டர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட இடங்கள் ஒரு நாளும் நடக்காது.

"சாதாரணப் புண்ணும்மா. சுத்தம் பண்ணி, ரெண்டு வாரம் சொட்டு மருந்து விட்டாப் போதும். நான் வாரா வாரம் எழுதறேன். நான் எழுதின சீட்டை எல்லாம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க, தரமான மருத்துவ வசதின்னு."

"நீங்களே ரெண்டு சொட்டு விடலாமே டாக்டர்?"

அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விட்டா அடுத்த வாரம் என்னை உள்ள விடமாட்டாங்க. அப்புறம் எழுதறதுக்குக்கூட ஆள் இருக்காது."

"எழுதி என்ன ஆச்சு?"

டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். ஸ்கூட்டர் கிளம்பிய பிறகு, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "இடது காது கேட்கறது குறைஞ்சுட்டே வருது. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் பண்ண வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வேன்காரம்மா சாப்பிடவில்லை. "ஒரு மருந்து பாட்டிலை நான் ஊர் முழுக்கத் தூக்கிட்டுத் திரியறேங்க. ஒருத்தரும் அதோட மூடியைத் திறக்கமாட்டேங்கறாங்க" என்றார். மெக்கானிக்குக் குழு கூடிவிடும் என்று இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்தார்.

பிறகு செயலரே தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல செய்தி என்றார். குட்டி கிடைத்துவிட்டது என்று மெக்கானிக் நினைத்தார். இல்லை, ஆண்டு விழாவில் மிகப் பொறுமையான விண்ணப்பதாரர் விருது அவர்களுக்குக் கிடைத்திருந்தது. கேடயம். தலைவியின் கையாலேயே.

விழா மண்டபத்தில் குளிர்சாதனம் நடுக்கியது. மேடையின் பின்திரை முழுவதும் சந்தேகத்தின் படம், தலை சாய்ந்த நிலையில், யானை அளவுக்கு. நன்கொடையாளர்களுக்கு முன்வரிசை. மெக்கானிக்கும் மனைவியும் மேடையின் ஓரத்தில் இரண்டு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார்கள், பார்வைக்கு வைத்த பொருள் போல. தலைவி ஒலிவாங்கி முன் வந்தார். இடது கையில் வெல்வெட் துணி, அதன் மேல் குட்டி.

"நண்பர்களே, மற்ற காப்பகங்கள் பெருமை பேசுறாங்க. இத்தனை நாயைக் கொடுத்தோம், இத்தனை பூனையைக் கொடுத்தோம்னு. நான் கேட்கறேன், கொடுக்கறதா பெருமை? தூக்கிக் கொடுக்க யாரால முடியாது? நம்ம காப்பகம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து, இங்கிருந்து போன ஒரு குட்டிகூடப் பட்டினி கிடந்ததில்லை. ஒண்ணுகூட அடி வாங்கினதில்லை. ஒண்ணுகூட வேண்டாம்னு திரும்பி வந்ததில்லை. என்ன காரணம்? ஒண்ணுகூடப் போனதில்லை."

கைதட்டல் அடங்கும்வரை தலைவி தலையைக் குனிந்துகொண்டார்.

"தகுதியான வீட்டைத் தேடறோம். எத்தனை ஆயிரம் வீடு பார்த்திருப்போம். ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒரு குறை. மனுஷங்க இருக்கற வீட்டுல குறை இருக்கத்தான் செய்யும். அதுக்காக நாங்க சோர்ந்து போகலை. தேடிட்டே இருப்போம். கிடைச்சுட்டா அப்புறம் நாங்க எதுக்கு? இந்தக் குழந்தையைப் பாருங்க. தலையைச் சாய்ச்சு நான் பேசறதை எவ்வளவு ஆசையாக் கேட்குது. இந்தச் சாய்வுதான் உலகம் முழுக்க நம்ம பேரைக் கொண்டு போயிருக்கு. சிலர் சொல்றாங்க, மருந்து போட்டா நேராயிடும்னு. நேரா நிக்கற நாயை யாருங்க நின்னு பார்ப்பாங்க?"

முன்வரிசை நெகிழ்ந்து போனது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. காதைக் கிழிக்கிற சத்தம். மண்டபம் முழுவதும் காதைப் பொத்தியது. மெக்கானிக்கும் பொத்தினார். குட்டியின் இடது காது ஒலிபெருக்கியின் வாய்க்கு நேராக இருந்தது. அந்தக் காது அசையவே இல்லை. அப்புறம்தான், எங்கிருந்தோ வருவதைத் தேடுவது போல, குட்டி வலது பக்கம் திரும்பிப் பார்த்தது.

வேன்காரம்மா காதைப் பொத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிகப் பொறுமையான விண்ணப்பதாரர்" என்று செயலர் அறிவித்தார். வேன்காரம்மா எழுந்து தலைவியிடம் போனார். தலைவி வலது கையில் இருந்த கேடயத்தை நீட்டினார். படம் எடுப்பவர்களுக்காக முகத்தை மூன்று விதமாகத் திருப்பினார். வேன்காரம்மாவின் கை கேடயத்தைத் தாண்டிப் போனது. வெல்வெட்டோடு சேர்த்துக் குட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேடைப் படிகளில் இறங்கினார்.

தலைவி சிரித்துக்கொண்டே நின்றார். கேமராக்கள் இன்னும் எடுத்துக்கொண்டிருந்தன, சிரிப்பைப் பாதியில் விட முடியாது. கூட்டம் இது நிகழ்ச்சி நிரலில் உள்ளது என்று நினைத்துத் தட்டியது, முன்வரிசை எழுந்து நின்று தட்டியது. மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு எல்லோருக்கும் வணக்கம் போட்டுவிட்டு மனைவியின் பின்னால் போனார்.

வாசல் வரை செயலர் ஓடி வந்தார். மூச்சிரைக்க வேனின் கண்ணாடியைத் தட்டினார். மெக்கானிக் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கேடயத்தை மறந்துட்டீங்களே" என்று செயலர் அதை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார்.

போக்குவரத்து நெரிசலில் வேன்காரம்மா அன்று ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு சின்ன விலங்கு மருத்துவமனை இருந்தது. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டரம்மா குட்டியைத் துண்டில் சுற்றி, காதைச் சுத்தம் செய்து, சொட்டு மருந்து விட்டு, "தினமும் ரெண்டு வேளை விடுங்க" என்று பாட்டிலைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் வேலை. மெக்கானிக் நம்ப முடியாமல் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று நின்றுகொண்டிருந்தார்.

புண் ஆறிவிட்டது. முடி முளைத்தது. தலையும் மெல்ல நேராகிவிட்டது. இடது காது மட்டும் திரும்பவில்லை. "ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். ஏன் இத்தனை நாள் விட்டீங்க?" என்று டாக்டரம்மா கொஞ்சம் கடுமையாகவே கேட்டார். வேன்காரம்மாவுக்குப் பதில் வாய்வரை வந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "தப்புதான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வேனின் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதார்.

காப்பகத்திலிருந்து போலீஸ் வரும் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். வந்தது செயலரும் மன ஆலோசகரும்.

"குழு கூடிட்டுது" என்றார் செயலர், அதே துக்கக் குரலில். "ரொம்ப நேரம் விவாதம் பண்ணினோம். திருட்டுன்னு புகார் கொடுத்தா எங்க பாதுகாப்புல குறைன்னு ஆயிடும். தத்துன்னு ஒத்துக்கிட்டா, இத்தனை வருஷச் சாதனை போயிடும். அதனால குட்டி காப்பகத்தை விட்டுப் போகவே இல்லைன்னு ஒருமனதா முடிவெடுத்திருக்கோம்."

மெக்கானிக் காலடியில் பந்தைக் கடித்துக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தார். "இங்கதானேங்க இருக்கு."

"இருக்கு. இந்த வீடு இனிமே காப்பகத்தோட மூணாவது பிரிவு. தலைவியே வந்து திறந்து வைப்பாங்க. வாசல்ல ஒரு பலகை மாட்டினாப் போதும்."

"அப்ப நாங்க யாரு?" என்று கேட்டார் வேன்காரம்மா. "வேலைக்காரங்களா?"

செயலர் சங்கடத்தோடு ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் பரிவோடு முன்னால் சாய்ந்தாள். "இதை நீங்க தனிப்பட்ட முறையில எடுத்துக்கக் கூடாது. நிர்வாக ரீதியாப் பார்த்தா, நீங்க ரெண்டு பேரும் கூண்டு."

வேன்காரம்மா எழுந்து போய் அந்த இருவரின் செருப்பையும் எடுத்து வாசலுக்கு வெளியே, படிக்குப் பக்கத்தில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். ஆலோசகருக்குப் புரிய நேரம் ஆனது. செயலர் அனுபவசாலி, உடனே எழுந்துவிட்டார்.

அவர்கள் விடவில்லை. ஒரு விடுமுறை நாள் காலையில் தெருவில் கார்கள் வந்து நின்றன. கதவுகள் சாத்தும் சத்தம், படியில் பலர் ஏறும் சத்தம், சுவரில் பலகையை உரசும் சத்தம். கீழ்வீட்டு அம்மாள் யாரையோ, "இந்தப் பக்கமாத்தான் ஏறணும்" என்று அழைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஜன்னல் வழியே பார்த்தார். படம் எடுப்பவர்கள், இல்லத் தகுதி அலுவலர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, நடுவில் தலைவி, சிரிப்பை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு.

வேன்காரம்மா தரையில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் சந்தேகம் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்கிற காது அவர் தொடையில் நன்றாகப் புதைந்திருந்தது.

கதவைத் தட்டினார்கள். முதலில் பணிவாக. பிறகு அழைப்பு மணி. பிறகு உள்ளங்கையால் ஓங்கி. "அமைதிச்செல்வம், யாரு வந்திருக்காங்க பாரு" என்று செயலரின் தேனில் ஊறிய குரல் கூப்பிட்டது. தலைவியின் குரலும் கேட்டது, "குழந்தை உள்ளதான் இருக்கா? என் குரல் கேட்டா ஓடி வந்துடுமே."

குட்டியின் வயிறு ஒரே சீராக ஏறி இறங்கியது. ஒரு மயிர்கூட அசையவில்லை.

வேன்காரம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். வாசலில் யார் வந்து நின்றாலும் ஓடிப்போய்த் திறக்கிற மனிதர் அவர். யாரையும் காக்க வைத்துப் பழக்கமில்லாதவர்.

மெக்கானிக் எழுந்தார். குட்டி விழித்துவிடாமல் பூனைபோல் நடந்து கதவருகே போனார். மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார். மின்பெட்டியைத் திறந்து அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கினார். திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.